சன்னபட்ணா சொப்பு சாமான்: மூணு வயசு முதலாளிக்குத் தாங்குமா?

மூன்று வயதுக் குழந்தை காபிக்கடை போட்டால் அப்பா தரையில் உட்கார்ந்து காலி டம்ளரை ஊதி ஊதிக் குடித்தாக வேண்டும். ஊதாமல் குடித்தால் "சுடும்ல!" என்று அதட்டல். இரண்டாவது டம்ளர் வேண்டாமென்றால் கண்ணீர், அடுத்து கடைச் சாமானே பறக்கும். பறந்தாலும் பிழைக்கிற சொப்பு வேண்டுமென்றால், பெங்களூரில் இருப்பவர்களுக்கு, பக்கத்து ஊரான சன்னபட்ணாவில் செய்யும் மரச் சொப்புதான் சரி.

மரம் வெட்பாலை, லேசானது, இழை நெருக்கமானது. கடைசல் எந்திரத்தில் மரம் சுழலும்போதே, சாயம் கலந்த அரக்குக் குச்சியை அதில் அழுத்திப் பிடிப்பார்கள். உராய்வுச் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் படியும், பிறகு தாழை மடலால் மெருகு. சுவரில் எறிந்தால் விளிம்பு நசுங்கும். மலிவு பிளாஸ்டிக் மாதிரி கூராக உடையாது.

எதிரி தண்ணீர்தான். விளையாட்டு சூடு பிடித்தால் "நிஜக் காபி" கேட்பார்கள், கொடுத்துவிடாதீர்கள். ஊறிய மரம் உப்பி, காயும்போது வெடிக்கும். பொய்ச் சமையலுக்கு அவல் போதும். மழைக்காலத்தில் மூடியும் இறுகிக்கொள்ளும். திறக்காத சர்க்கரை டப்பாவுக்காக வைக்கப்படும் ஒப்பாரி அடுத்த ஃபிளாட் வரை கேட்கும்! ஆகவே மூடி கொஞ்சம் தளர்வாக உட்காரும் செட்டாகப் பொறுக்குங்கள். சானிடைசர் போட்டுத் துடைப்பது பெரிய தப்பு: ஆல்கஹாலில் அரக்கு கரையும், சாயம் கையோடு வரும். வெந்நீரும் வேண்டாம். பிழிந்த ஈரத்துணியால் துடைத்து நிழலில் வைத்தால் ஆயிற்று.

கொலுவுக்கென்று விற்கும் குட்டி சைஸ் செட் விளையாட ஆகாது. டாய்லெட் பேப்பர் சுருளின் அட்டைக் குழாய்க்குள் நுழைகிற எதுவும் மூன்று வயதுக்குள் தொண்டையில் சிக்கக்கூடியது. டம்ளர் உதிரியாகக் கிடைத்தால் இரண்டு சேர்த்து வாங்குங்கள். கரடி பொம்மையும் வாடிக்கையாளர்தான், அதற்குத் தராவிட்டால் தனிப் பஞ்சாயத்து.

மாநில அரசின் காவேரி கைவினைக் கடைகளில் கிடைக்கும். மைசூரு ரோட்டில் 60 கிலோமீட்டர் போனால் ஊரிலேயே பார்த்து வாங்கலாம். 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்றாலும், சன்னபட்ணா பொம்மை போல புவிசார் குறியீடு (இந்த ஊருக்கே உரிய பொருள் என்ற பதிவு) பெற்ற பொருட்களுக்கும் பதிவு பெற்ற கைவினைஞர்களின் பொம்மைகளுக்கும் விலக்கு உண்டு. ஆக, முத்திரை இல்லாததாலேயே போலி என்று ஒதுக்க வேண்டாம். மூக்கருகில் வைத்துப் பாருங்கள். பெயின்ட் வாடை அடித்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.