ஹெபடைட்டிஸ் பி ஆன்டிபாடி: மோனோகுளோனலா, பாலிகுளோனலா?

சிங்கப்பூரின் ஆய்வு வளாகங்களான பயோபொலிஸிலோ கென்ட் ரிட்ஜிலோ ஹெபடைட்டிஸ் பி வைரஸ் ஆய்வில் புதிதாகச் சேரும் நம் பிள்ளைகள், "எந்த கம்பெனி ஆன்டிபாடி நல்லது?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். ஆன்டிபாடி என்பது குறிப்பிட்ட ஒரு புரதத்தைப் பிடித்துக் காட்டும் கருவி. எந்தப் புரதத்தை, எந்தச் சோதனையில் தேடுகிறோம் என்று தெரியாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

வைரஸின் வெளியுறைப் புரதமான மேற்பரப்பு ஆன்டிஜெனையே எடுத்துக்கொள்வோம். மோனோகுளோனல், அதாவது ஒரே செல்வழியில் வந்த ஆன்டிபாடி, ஒரே எபிடோப்பை (புரதத்தில் ஆன்டிபாடி ஒட்டும் இடம்) மட்டும் பிடிக்கும். பேட்ச் மாறினாலும் குணம் அவ்வளவாக மாறாது, எலைசாவில் (தட்டில் நிறமாற்றத்தால் புரதத்தைக் கண்டறியும் சோதனை) தேவையற்ற பின்னணி நிறமும் குறைவு. ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. 124 முதல் 147 வரையிலான அமினோ அமிலங்கள் கொண்ட 'ஏ' டிடர்மினன்ட், ஆன்டிபாடிகள் முக்கியமாகப் பிடிக்கும் இடம்; சிஸ்டீன் பிணைப்புகளால் மடிந்து நிற்கும் பகுதி. அதில் 145ஆம் இடத்தில் கிளைசினுக்குப் பதில் அர்ஜினின் வந்துவிட்டால், அந்த மடிப்பை நம்பியிருக்கும் மோனோகுளோனல் வைரஸைக் கோட்டைவிடலாம். சிங்கப்பூரில் 1985இல் தொற்றுள்ள தாய்மாரின் குழந்தைகளுக்கும், 1987 முதல் எல்லாப் பச்சிளங்குழந்தைகளுக்கும் தடுப்பூசி வந்தது. தடுப்பூசிக்குப் பிறகும் தொற்றியவர்களிடம் இந்த மாற்றம் இங்கேயே பதிவாகியிருக்கிறது. அதனால் இங்கே வேலை செய்பவர்கள் இதை ஏட்டுச் சுரைக்காயாக ஒதுக்க முடியாது.

பல ஆன்டிபாடிகளின் கலவையான பாலிகுளோனல் பல எபிடோப்புகளைப் பிடிப்பதால் ஓரிடம் மாறினாலும் பெரும்பாலும் தப்பவிடாது. எலைசாவுக்கு என் தேர்வு இதுதான்: தட்டில் வெவ்வேறு எபிடோப்புக்கான இரண்டு மோனோகுளோனல், கண்டறியப் பாலிகுளோனல்.

புரதங்களை ஜெல்லில் அளவுவாரியாகப் பிரித்து, படலத்துக்கு மாற்றி, ஆன்டிபாடியால் தேடும் வெஸ்டர்ன் பிளாட்டில் கதை வேறு. மெர்காப்டோஎத்தனால் சேர்த்துச் சூடாக்கியதும் சிஸ்டீன் பிணைப்புகள் அறுந்துவிடும். எலைசாவில் ஜொலித்த ஆன்டிபாடி இங்கே வெற்றுப் படலத்தைக் காட்டும். மடிப்பை நம்பாத நேர்வரிசை எபிடோப்பைப் பிடிக்கும் ஆன்டிபாடிதான் வேண்டும். அது சரியாக வேலை செய்தால், மேற்பரப்பு ஆன்டிஜெனின் சிறிய வடிவமான எஸ் புரதம் 24, 27 கிலோடால்டனில் ஜோடி பேண்டாக விழும். கீழே இருப்பது சர்க்கரை சேராதது, மேலே இருப்பது சேர்ந்தது. செல் கரைசலில் அந்த ஜோடியைப் பார்க்காமல் எந்த பேண்டையும் நம்பாதீர்கள்.

வைரஸின் உள்கூட்டுப் புரதமான கோர் ஆன்டிஜெனுக்கு, பாரஃபினில் பதித்த ஈரல் திசு என்றால் முயல் பாலிகுளோனலையே சொல்வேன். ஃபார்மலின் சில எபிடோப்புகளைச் சிதைத்தாலும் மீதி கைகொடுக்கும், செல்களின் கருக்கள் பழுப்பாகத் தெளிவாகத் தெரியும். ஆனால் செல் வளர்ந்த திரவத்தில் கோரையும், வைரஸ் புரதங்களில் செல்லிலிருந்து வெளியேறும் 'ஈ' ஆன்டிஜெனையும் பிரித்தறிய அது உதவாது. இரண்டுக்கும் பெரும்பகுதி வரிசை ஒன்றே. 149க்குப் பிறகு வரும் அர்ஜினின் மிகுந்த வால் கோரில் மட்டும் உண்டு, அந்த வாலுக்கான மோனோகுளோனலைத் தேடுங்கள்.

வைரஸின் இன்னொரு புரதமான எக்ஸ் புரதத்தில் இரு தரப்புக்கும் வெற்றி இல்லை. 154 அமினோ அமிலம்தான், செல்லில் இருப்பதும் மிகக் குறைவு. புரதத்தோடு எச்ஏ டேக் (அடையாளமாக ஒட்டும் சிறு அமினோ அமிலத் துண்டு) சேர்த்து, டேக்குக்கான ஆன்டிபாடியால் பார்ப்பதே மேல்.

எதை வாங்கினாலும், வைரஸின் எந்த மரபுவகைப் புரதத்தைக் கொண்டு தயாரித்தது என்று விற்பவரிடம் கேளுங்கள். நம் நோயாளிகளிடம் பெரும்பாலும் பி, சி வகைகள்தான். முதலில் சிறிய குப்பி வாங்கி, தொற்றில்லாத செல்லையும் அதே ஜெல்லில் பக்கத்து லேனில் ஓட்டிப் பாருங்கள். அங்கேயும் அதே இடத்தில் பேண்ட் வந்தால் பெரிய குப்பி வாங்காதீர்கள்.