தனுஷ்கோடிக்கு யார் வண்டியில் போவது: ஓன் போர்டா, செல்ஃப் டிரைவா, டி போர்டா?

ராமேஸ்வரம் வரத் திட்டமிடும் நண்பர்கள் எல்லாரும் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அங்கே தெரிஞ்சவங்க வண்டி ஏதாவது கிடைக்குமா? நாங்களே ஓட்டிக்கிறோம்." கிடைக்கும். மண்டபம், உச்சிப்புளி, பாம்பன் என எங்கே விசாரித்தாலும் தன் சொந்தக் காரை (அதுதான் ஓன் போர்டு) இரண்டு நாளைக்குத் தர ஒருவர் இருப்பார். நாள் வாடகை இவ்வளவு, டீசல் உங்களுடையது, பணத்தை ஜிபேயில் போட்டுவிடுங்கள், அவ்வளவுதான். எனக்குத் தம்பி முறையான சித்தப்பா மகனும் அப்படித்தான் தன் ஏழு சீட் வண்டியைக் கொடுத்தான். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நடந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

வண்டியை எடுத்துப் போனவர்கள் நல்ல குடும்பம். ஓட்டியவருக்கு லைசென்ஸ் இருந்தது, குடிக்கவில்லை. தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனை பார்த்துவிட்டுத் திரும்பும்போது உச்சிப்புளிக்கு முன்னால், டிவிஎஸ் எக்ஸ்எல்லில் மீன் பெட்டி கட்டிக்கொண்டு வந்த பெரியவர் மேல் இடித்துவிட்டார்கள். அவருக்கு வலது கால் இரண்டு இடத்தில் முறிவு. வண்டிக்கு ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கிறது, கவலையில்லை என்றுதான் நாங்கள் நினைத்தோம். இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து விசாரணைக்கு வந்தவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "எவ்வளவு வாடகை?" தம்பி வாயைத் திறக்கவே தேவையிருக்கவில்லை. பணம் அனுப்பியவர் அதற்குக் கீழேயே "வண்டி வாடகை 2 நாள்" என்று எழுதியிருந்தார். வண்டிச் சேதத்துக்கான கிளெய்ம் நிராகரிக்கப்பட்டது. பெரியவரின் இழப்பீட்டு வழக்கில் வண்டி உரிமையாளர் என்ற முறையில் தம்பி எதிர்மனுதாரராக நிற்கிறான்.

இதற்குக் காரணம் ஓன் போர்டின் வெள்ளை நம்பர் பலகைதான். தனியார் காருக்குப் போடும் பாலிசி சொந்த உபயோகத்துக்கு மட்டும். கூலிக்கோ வாடகைக்கோ விட்டால் அது பாலிசி நிபந்தனையை மீறியதாகும், மோட்டார் வாகனச் சட்டமும் இதை நிறுவனம் எடுத்துவைக்கக்கூடிய தற்காப்பாகவே சொல்கிறது. போதாததற்கு, பெர்மிட் இல்லாமல் வாடகைக்கு ஓட்டினால் 192ஏ பிரிவில் முதல் தடவையே 10,000 ரூபாய் அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. அடிபட்டவருக்குப் பணம் கிடைக்காமல் போய்விடுமா? அப்படி விட்டுவிடக்கூடாது என்பதில் நீதிமன்றங்கள் அக்கறையாகத்தான் இருக்கின்றன. பெர்மிட் இல்லாத லாரி ஒன்றின் வழக்கில் 2018-ல் உச்ச நீதிமன்றம், காப்பீட்டு நிறுவனம் முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்றது. அடிபட்ட குடும்பத்துக்கு அது நியாயம். ஆனால் ஐயாயிரம் வாடகைக்கு ஆசைப்பட்டவர் தலையில் லட்சக்கணக்கில் வந்து விழும். வண்டிச் சேதத்தில் ஒரு சின்ன ஆறுதல் உண்டு. டாக்ஸியாக ஓடிய தனியார் வண்டி திருடுபோன வழக்கொன்றில் 75 சதவீதம் தரச் சொன்னதை 2008-ல் உச்ச நீதிமன்றம் சரி என்றது. அதனால் நிராகரிப்புக் கடிதம் வந்ததும் மடித்து வைத்துவிடாதீர்கள், நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். தம்பி போயிருக்கிறான்.

சரி, ஓட்டியவருக்கே அடிபட்டிருந்தால்? பலர் யோசிக்காத இடம் இது. பாலிசியோடு வரும் 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு, வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவர் ஓட்டும்போதுதான். இரவல் வாங்கிய மோட்டார் சைக்கிளில் போனவர் மாட்டு வண்டியில் மோதி இறந்த வழக்கில், இரவல் வாங்கியவர் உரிமையாளரின் இடத்தில் நிற்கிறார், அதனால் யார் தவறு என்று நிரூபிக்கத் தேவையில்லாத பிரிவில் அவர் குடும்பம் இழப்பீடு கேட்க முடியாது என்று 2009-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பின்சீட்டில் இருப்பவர்கள் கதை பாலிசியைப் பொறுத்தது. பாலிசி வெறும் தேர்ட் பார்ட்டி என்றால் தனியார் காரில் அவர்களுக்கும் எதுவும் இல்லை. குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு அப்படி ஒரு வண்டியில் ஏறுவதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது.

அடுத்தது செல்ஃப் டிரைவ், அதாவது நீங்களே ஓட்டிக்கொள்ளும் வாடகைக் கார். முறையான வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கும். 1989-ன் ரென்ட் எ கேப் திட்டப்படி உரிமம் வாங்க ஐம்பது கார்களாவது வேண்டும், அதனால் தெருவில் ஒருவர் தன் ஒற்றைக் காரை வைத்து இந்த உரிமம் வாங்க முடியாது. பைக்குக்கு 1997-ன் திட்டம், அதில் ஐந்து வண்டி போதும். செயலியில் பதிவு செய்கிறவர்களிடம் நான் சொல்வது, படத்தில் பலகையின் நிறத்தைப் பாருங்கள், வண்டி எண்ணை அரசின் எம்பரிவாகன் செயலியில் போட்டு இன்சூரன்ஸ் தேதியைப் பாருங்கள். செயலிக்காரர்கள் 'டேமேஜ் புரொடெக்‌ஷன்' என்று விற்பது பல சமயம் உங்களுக்கும் அவர்களுக்கும் இடையிலான ஒப்பந்தம் மட்டுமே, அதை இன்சூரன்ஸ் என்று நம்பிவிடக்கூடாது. அமெரிக்காவில் அவுட்டோர்சி, ஆர்விஷேர் போன்ற தளங்கள் தனியாரின் கேரவனை வாடகைக்கு எடுத்துத் தரும்போது அந்த நாட்களுக்கென்றே தனிக் காப்பீடு சேர்க்கின்றன, ஏனென்றால் அங்கேயும் சொந்த பாலிசி வாடகைக்குச் செல்லாது. நம் ஊரில் ஆளுக்கு ஆள் கைமாற்றும் வண்டியில் அந்த நடுப்படி கிடையாது.

மூன்றாவது டி போர்டு, அதாவது டாக்ஸி. ஓட்டுநரோடு போனால் செலவு கூடும், உண்மைதான். மஞ்சள் பலகை வண்டிக்குப் பெர்மிட் இருக்கிறது, பயணிகளுக்குக் காப்பீடு சட்டப்படியே கட்டாயம், எஃப்.சி.யும் (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) காட்ட வேண்டும்: முதல் எட்டு வருடம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அப்புறம் வருடா வருடம். ஓன் போர்டுக்கோ முதல் பதினைந்து வருடம் யாரும் அடியில் குனிந்து பார்க்க வேண்டியதில்லை. உள்ளூர்க்காரனாக நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். உப்புக் காற்றில் நிற்கிற வண்டியில் பிரேக் பைப், ஸ்பிரிங் பட்டை, சேஸிஸ் எல்லாம் அடியிலிருந்து துரு ஏறும், மேலே பெயிண்ட் பளபளப்பாகவே இருக்கும். எங்கள் தெருவில் ஒரு வண்டியின் பிரேக் பைப் ஒர்க்‌ஷாப் வாசலிலேயே விட்டுப்போனது. அது பாம்பன் பாலத்தில் நடந்திருந்தால்? இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் நீளமான பாலம், பக்கத்துக் காற்று, ரயில் பாலத்தைப் படமெடுக்க நடுப்பாதையில் நிறுத்துகிறவர்கள் வேறு.

ஓட்டுநர் இருப்பதில் இன்னொரு லாபம் மணல். 2017-ல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்தபிறகு அது சாதாரண ரோடு என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். கச்சான் காற்று வீசினால் சாலைமேல் மணல் படர்ந்து கிடக்கும், வேகத்தில் வந்தவருக்கு பிரேக் பிடிக்காது. அலையோரம் இறக்கிப் புதைந்த கார்களை நானே தள்ளியிருக்கிறேன். எஞ்சினுக்குள் தண்ணீர் போனால், அதற்கென்று கூடுதல் காப்பீடு எடுக்காத பாலிசியில் பெரும்பாலும் காசு வராது. உள்ளூர் ஓட்டுநர் எங்கே நிறுத்த வேண்டும் என்று கேட்காமலே அறிவார்.

ஆக, குடும்பத்தோடு இரண்டு நாள் என்றால் டி போர்டு. நீங்களே ஓட்டித்தான் ஆக வேண்டுமென்றால் கறுப்புப் பலகை வண்டி, கூடவே உங்கள் பெயரில் ஒரு தனிநபர் விபத்து பாலிசி. உறவினர் வண்டியை எடுத்தால் வாடகை இல்லாமல் இரவலாக எடுங்கள், டீசல் மட்டும் போடுங்கள், ஓட்டுகிறவர் லைசென்ஸை அந்த உறவினர் பார்க்கட்டும். விபத்து நடந்துவிட்டால் முதலில் அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், 24 மணி நேரத்துக்குள் போலீஸில் சொல்லுங்கள். ஓட்டியவர் செய்ய வேண்டியது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ம் பிரிவு சொல்வதும் இதைத்தான்.

மீன்காரப் பெரியவர் இப்போது ஊன்றுகோலோடு நடக்கிறார், வியாபாரத்தை அவர் மகள் பார்க்கிறாள். தம்பி மாதம் ஒருமுறை போய்ப் பார்த்து வருகிறான். தை அமாவாசைக்கு வண்டி கேட்டு போன் வந்தால், உச்சிப்புளியில் டி போர்டு ஓட்டும் இரண்டு பேரின் நம்பரைக் கொடுத்துவிடுகிறான்.