டோங் ஹோவா, ஹாங் சோங்கா? ஒரு வெற்றுச் சுவரின் கதை

ஹனோயில் நான் வாடகைக்குப் பிடித்த வீட்டில் ஒரு சுவர் மொட்டையாக நின்றது. 'டெட்' புத்தாண்டு நெருங்கிக்கொண்டிருந்தது. சுவரில் மாட்ட ஒரு வியட்நாமிய நாட்டுப்புற மரக்கட்டை அச்சுப் படம் வேண்டும்; ஹாங் சோங் பாணிப் புலிகளா, டோங் ஹோ பாணி எலிக் கல்யாணமா என்று இரண்டு வாரம் அலைந்துவிட்டு, எலிகளைத்தான் அழைத்துவந்தேன்.

ஹாங் சோங் ஹனோய்ப் பழைய நகரத்துத் தெரு. அங்கே கறுப்புக் கோடுகளை மட்டும் மரக்கட்டையால் அச்சிட்டு, வண்ணத்தைத் தூரிகையால் தீட்டுவார்கள். நிறம் அடர்த்தியாகத் தொடங்கி மெல்லக் கரையும். அழகில் குறையில்லை. ஆனால் 'ஐந்து புலிகள்' வழிபாட்டுக்குரிய படம். என் சின்ன அறையில் மாட்டினால் நான்தான் விருந்தாளி.

டோங் ஹோ, பக் நின் மாகாணத்தில் டுவோங் ஆற்றங்கரைக் கிராமம். ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கட்டை, கறுப்புக் கோடு கடைசியில். சிவப்பு, ஒருவகைச் சிவந்த சரளையிலிருந்து. கறுப்பு மூங்கில் இலைக் கரியிலிருந்து. மரப்பட்டைக் காகிதத்தில் கிளிஞ்சல் பொடியைப் பசையோடு குழைத்து, பைன் ஊசியிலைத் தூரிகையால் பூசுகிறார்கள். சாய்வான வெளிச்சத்தில் வரிவரியாக மினுங்கும். எலிக் கல்யாணத்திலோ, ஊர்வலம் போக வழிவிடச் சொல்லிப் பூனைக்கு மீனும் பறவையும் லஞ்சம்!

என் முடிவைத் தீர்மானித்தது 'நோம்' என்னும் ஈரப்பருவம். பிப்ரவரி, மார்ச்சில் வடக்கு வியட்நாமில் தரை வியர்க்கும், சுவர் கசியும், துணி காயாது. ஹாங் சோங் படத்துக்குப் பின்தாள் ஒட்டி, மேலும் கீழும் கழி கோத்துத் தொங்கவிடுவது வழக்கம். நண்பர் வீட்டில் அப்படித் தொங்கியது ஒரே பருவத்தில் அலையலையாக நெளிந்து, மூலையில் பூஞ்சை பிடித்தது. கையால் தீட்டியது, அதே புலி இன்னொரு முறை வராது. ஒரு வீட்டை வைத்து எல்லாவற்றையும் எடைபோடக் கூடாதுதான். நல்ல சட்டமும், ஈரம் உறிஞ்சும் இயந்திரமும் இருந்தால் தப்பிக்கலாம்.

டோங் ஹோ படத்துக்கு இந்தக் கவலையே இல்லை. டெட்டுக்கு வாங்கிச் சுவரில் ஒட்டி, அடுத்த டெட்டில் கிழித்துவிட்டுப் புதிதை ஒட்டுவதுதான் பழைய வழக்கம். கட்டை இருக்கும்வரை அதே எலிகள் திரும்ப வரும். நான் கண்ணாடிகூடப் போடவில்லை. போட்டால் கிளிஞ்சல் மினுமினுப்பு பாதி போய்விடும். முதல் நோமில் ஓரம் சுருண்டது. விட்டுவிட்டேன்.

வாங்கும்போது தாளைச் சாய்த்துப் பாருங்கள். இயந்திர நகல்களில் அந்த மினுக்கம் இருக்காது.

இந்த டெட்டுக்குப் புது எலிகள் வந்துவிட்டன. பழையவற்றைக் கிழிக்க மனம் வரவில்லை; சமையலறைக் கதவின் பின்னால் ஒட்டியிருக்கிறேன்.