பழைய சீற்றுக்கு மேலே தகரக் கூரை: பருத்தித்துறையில் ஏழு வருடம்

2018 ஆவணியில் எங்கள் வீட்டு அஸ்பெஸ்டஸ் சீற்றைக் கழற்றாமல் அதற்கு மேலேயே கலர் தகரம் போட்டோம். கழற்றாததற்குக் காரணம் பயம்தான். முப்பது வருடத்துக்கு மேல் வெயிலில் காய்ந்த சீற், தொட்டாலே உதிரும். உடைத்தால் அந்தத் தூசியில் இருக்கும் கல்நார் இழை வீட்டுக்குள் விழும், மூச்சோடு உள்ளே போனது நுரையீரலிலேயே தங்கிவிடும். அம்மாவுக்கு ஏற்கெனவே இழுப்பு இருந்தது.

மேலே போடுவதென்றாலும் துளை போடத்தான் வேண்டும். சீற்றில் நேரே கால் வைக்காமல் பலகை போட்டு ஏறினோம். எல்லோருக்கும் முகக்கவசம். கூரை வேலைக்கு வந்த பாஸ் என்னிடம் சொன்னது இன்னும் நினைவில் இருக்கிறது: "தம்பி, நீர் தண்ணியை அடியும், நான் துளை போடுறன். காய விடாதையும்." தூசி பறக்காமல் இருக்க, ஒவ்வொரு துளைக்கும் அப்படித்தான் நனைத்து நனைத்துச் செய்தோம்.

அடியில் இருக்கும் மரத்துக்கு நேராக, சீற்றின் மேட்டில் பொக்ஸ் பார் (உள்ளே வெற்றான சதுர இரும்புக் குழாய்) வைத்து, நீளத் திருகாணியால் மரத்தோடு பிடித்தோம். அதற்கு மேல் தகரம். 0.47 மில்லிமீற்றர் தகரம் ஒரு சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 4 கிலோதான். ஆனாலும் பாரம் ஏற்றுவதற்கு முன் மரங்களைத் தட்டிப் பார்த்தது நல்லதாய்ப் போயிற்று. பனங்கைமரம் ஒன்றைக் கறையான் அரித்திருந்தது.

என்னைக் கேட்டால், இந்த வேலையின் உயிர் இரண்டு கூரைக்கும் நடுவே உள்ள இரண்டு அங்குல இடைவெளிதான். தகரத்தில் ஏறும் சூடு அந்தக் காற்றுக்கு வந்து, தாவாரத்தில் உள்ளே வரும் காற்றோடு முகட்டால் வெளியேறுகிறது. முன்பு பங்குனி சித்திரையில் பின்னேரம் மூன்று மணிக்கு விறாந்தைக்குத்தான் ஓடுவோம். இப்போது மின்விசிறி போட்டால் அறைக்குள்ளேயே படுக்கலாம். மழைச் சத்தமும் வெறும் தகரக் கொட்டிலில் கேட்கிற அளவுக்கு இல்லை. காலையும் மாலையும் "டக் டக்" என்று ஒரு சத்தம் வரும். இருபதடித் தகரம் 40 பாகை சூடேறினால் கிட்டத்தட்ட 3 மில்லிமீற்றர் நீளும், அந்தச் சத்தம்தான் அது. திருகாணி மெல்ல மெல்லத் தளர்வதும் இதனால்தான்.

2020 டிசம்பரில் புரெவிப் புயல் வந்த இரவு முகட்டு மூலை ஒன்று விடியும்வரை அடித்துக்கொண்டே இருந்தது. பறக்கவில்லை, ஆனால் அன்று எங்களில் ஒருவரும் கண் மூடவில்லை. காற்று கூடுதலாகத் தூக்குவது தாவாரத்தையும் முகட்டையும் மூலைகளையும். அங்கெல்லாம் திருகாணியை நெருக்கி அடித்திருக்க வேண்டும், பிறகுதான் அடித்தோம்.

அதைவிட எனக்கு மனவருத்தம் தந்தது தாவார விளிம்பு. தகரத்தைக் கிரைண்டரால் வெட்டினார்கள். அந்தச் சூட்டில் வெட்டு வாயில் இருந்த பூச்சு கருகிவிட்டது. தெறித்த இரும்புத் துகளையும் கூட்டவில்லை. உப்புக் காற்றுக்கு அது போதும், மூன்றாம் வருடமே விளிம்பு செம்மண் நிறமாகிவிட்டது. வெட்டுவதென்றால் தகரக் கத்தரியால் வெட்டச் சொல்லுங்கள், பக்கத்தில் நின்று பாருங்கள்.

இடைவெளிக்குள் அணில் கூடு கட்டியது இன்னொரு கதை. நுண்வலை அடித்தோம், காற்றும் போகிறது.

போன வருடம் திருகாணித் தலைக்கு அடியில் இருக்கும் றப்பர் வாசர்கள் வெடிக்கத் தொடங்கின. துருப்பிடிக்காது என்று ஸ்டெயின்லஸ் திருகாணி வாங்கப் போனேன். ஆனால் துத்தநாக அலுமினியப் பூச்சுத் தகரத்தில் அதை அடித்தால், கடற்கரை ஈரத்தில் திருகாணிக்கு ஒன்றும் ஆகாது, அதைச் சுற்றியுள்ள தகரத்தின் பூச்சுத்தான் அரிபட்டுவிடும். ஆகவே தகரத்துக்கென்றே பூச்சுப் பூசி விற்கும் திருகாணியை வாங்கி மாற்றினோம்.

எங்கள் கிணறு உவர். அஸ்பெஸ்டஸில் வழிந்த தண்ணீரைப் பிடிக்க மனம் வந்ததில்லை. இப்போது ஐப்பசியில் முதல் இரண்டு மழையைக் கழுவ விட்டுவிட்டு, பீலியைத் தொட்டிக்குத் திருப்பிவிடுகிறோம். அம்மா அந்தத் தண்ணீரில்தான் பருப்பு அவிக்கிறார்.