வீல்சேரைத் தள்ளும் மோட்டார்: எட்டு மாதம் ஓட்டிய பிறகு

தண்டையார்பேட்டையிலிருந்து திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயிலுக்கு வெள்ளிக்கிழமைதோறும் அம்மாவைக் கூட்டிப் போகிறேன். 2021-ல் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்ததிலிருந்து லிஃப்ட் இருக்கிறது, ரயிலுக்குள் வீல்சேரும் நேராக ஏறிவிடுகிறது, அந்தக் கவலை இல்லை. வீட்டிலிருந்து ஸ்டேஷன் வரைக்கும், அங்கே தேரடியில் இறங்கிக் கோயில் வரைக்கும் தள்ளுவதற்குள்தான் உயிர் போய்விடும். அம்மா 74 கிலோ. எனக்கு 52 வயது, வலது மணிக்கட்டில் தீராத வலி. அதனால்தான் இதை வாங்கினோம்.

பேட்டரி வீல்சேர் வேறு, இது வேறு. சாதாரண வீல்சேரின் அடியில், பின்சக்கரங்களுக்கு நடுவில், இரண்டு சின்னச் சக்கரத்தோடு மோட்டாரை மாட்டுகிறார்கள். பேட்டரி முதுகுப் பக்கம் ஒரு பையில் தொங்கும். உட்கார்ந்திருப்பவர் ஓட்டுவதற்கில்லை, தள்ளுகிறவருக்கு உதவி, அவ்வளவுதான். கைப்பிடியில் ஒரு லீவர், பக்கத்தில் வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு. லீவரை அழுத்தினால் போகும், விட்டால் நிற்கும்.

ஆபத்தே அந்த லீவரில்தான் இருக்கிறது, அதை மாட்டிக் கொடுத்தவர் எனக்குச் சொல்லவில்லை. பார்க்க அச்சு அசல் சைக்கிள் பிரேக் மாதிரி இருக்கும். மூன்றாவது நாள் ஷேர் ஆட்டோ ஒன்று திடீரென்று குறுக்கே ஒடித்துத் திரும்ப, பதறிப்போய் கையை இறுக்கிவிட்டேன், சின்ன வயதிலிருந்து சைக்கிள் ஓட்டிய கை வேறென்ன செய்யும், வண்டி நிற்காமல் முன்னால் பாய்ந்துவிட்டது. "விடு, விடு கையை!" என்று அம்மா கத்தியதும்தான் விட்டேன். ஆட்டோவுக்கும் அம்மாவின் முழங்காலுக்கும் நடுவே ஒரு சாண் இடம்கூட இல்லை. அன்றைக்கு இடுப்பு பெல்ட் போட்டிருந்ததால் அம்மா முன்னால் சரியவில்லை.

அப்புறம் ஒரு வாரம் அம்மாவை உட்கார வைக்கவே இல்லை. 25 கிலோ அரிசிச் சிப்பம் இரண்டை சேரில் வைத்துக் கட்டி, விடியற்காலையில் எங்கள் தெருவில் ஓட்டிப் பழகினேன், தம்பி மகன் எதிர்பாராத நேரத்தில் "நில்லு அத்தை" என்பான், நான் விரலைத் திறக்க வேண்டும். பயந்தால் கை இறுகாமல் திறக்கிற வரைக்கும் பழகுங்கள். வேகத்திருகைப் பாதிக்கு மேல் நான் வைப்பதே இல்லை.

இறக்கத்தில் இதை நம்பாதீர்கள். எங்கள் மோட்டாரில் தனி பிரேக் கிடையாது, லீவரை விட்டாலும் சரிவில் கொஞ்சம் ஓடுகிறது. மோட்டாரை அணைத்துவிட்டு, சேரைத் திருப்பி, நான் கீழே நின்றுகொண்டு பின்பக்கமாக மெல்ல இறக்குகிறேன். ஏற்றத்தில் சட்டென்று அழுத்தினால் முன்சக்கரம் தூக்குகிறது, அங்கே மெதுவாகக் கொடுக்க வேண்டும். எங்கள் ரோட்டில் மேன்ஹோல் மூடி ஒன்று மேலே நிற்கும், ஒன்று பள்ளத்தில் கிடக்கும். முன்சக்கரம் சிக்கினால் மோட்டாருக்கு அது தெரியாது, தள்ளிக்கொண்டே இருக்கும், சேர் முன்பக்கம் குப்புறச் சாயும். அந்த இடங்களில் கையால்தான். மழைத்தண்ணீர் தேங்கியிருந்தால் வெளியே எடுப்பதில்லை, மோட்டார் தரையை ஒட்டியே இருக்கிறது.

இன்னொன்று. நின்றதும் சேரின் இரண்டு கை பிரேக்கையும் போட்டு, மோட்டார் சாவியை எடுத்துவிடுங்கள். கோயில் வாசலில் செருப்பு விடக் குனிந்த நேரத்தில் ஒரு குழந்தை லீவரைப் பிடித்துப் பார்த்தது, சாவி என் பர்ஸில் இருந்தது.

குறை என்றால் கனம்தான். மோட்டாரைக் கழற்றினால்தான் சேர் மடங்கும், ஆட்டோவில் ஏற்ற இரண்டு பேர் வேண்டும். கடல் காற்றுக்கு போல்ட் துருப்பிடிக்கிறது, வாராவாரம் முடுக்கிப் பார்க்கிறேன். ஆனாலும் வாங்கலாம் என்றுதான் சொல்வேன். மணிக்கட்டுக்குக் கட்டுப் போடுவதை நிறுத்திவிட்டேன், கோயில் முடிந்து கடற்கரைப் பக்கமும் ஒரு சுற்றுப் போய் வருகிறோம். மாட்டித் தருகிறவர் உங்கள் தெருவிலேயே, உங்கள் கையில் லீவரைக் கொடுத்து, ஏற்றம் இறக்கம் இரண்டிலும் ஓட்டிக் காட்டிய பிறகு பணம் கொடுங்கள்.