85 இன்ச் டிவியா, 100 இன்ச் புரொஜெக்டரா? முதலில் டியூப்லைட்டைப் போட்டுச் சுவரைப் பாருங்கள்

கடைக்காரர் புரொஜெக்டரை எப்போதும் இருட்டறையில்தான் ஓட்டிக் காட்டுவார். டிவிகளை வரிசையாக வெளிச்சத்தில் மாட்டி, பிரகாசத்தை உச்சத்தில் ஏற்றி வைத்திருப்பார். இரண்டுமே அதனதன் பலம் தெரியும் இடம். வீட்டில் அப்படி இரண்டு இடம் கிடையாது, ஒரே ஹால்தான். அதனால் இந்த ஒப்பீட்டுக்கு ஒரு ஹாலையே அளவுகோலாக எடுத்துக்கொள்வோம்: 12க்கு 16 அடி, தளம் (சீலிங்) 10 அடி உயரம், நடுவில் சீலிங் ஃபேன், ஒரு பக்கம் ஜன்னல், படம் தெரியும் சுவரிலிருந்து 10 அடியில் சோபா.

இந்த 10 அடியிலிருந்து பார்த்தால் 75 இன்ச் டிவி கண்ணுக்கு முன்னால் சுமார் 30 டிகிரி அகலத்தை நிரப்பும். 85 இன்ச் 34 டிகிரி. 100 இன்ச் ஸ்கிரீன் 40 டிகிரி, அதாவது தியேட்டரில் நல்ல வரிசையில் உட்கார்ந்த கணக்கு. செ.மீ.யில் சொன்னால் 85 இன்ச் என்பது 188க்கு 106; 100 இன்ச் 221க்கு 124.5. பரப்பளவில் 85ஐ விட 100 ஏறக்குறைய 38 சதவீதம் பெரிது, 75ஐ விட 78 சதவீதம். இன்னொன்றையும் பார்க்க வேண்டும். நம் படங்களில் பெரும்பாலானவை ஸ்கோப் அளவில், 2.39க்கு 1 என்ற விகிதத்தில் எடுக்கப்பட்டவை. மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழுந்தபின் 75 இன்ச் டிவியில் படத்தின் உயரம் 69 செ.மீ.தான் மிஞ்சும். 100 இன்ச் ஸ்கிரீனில் 93 செ.மீ. நிற்கும். ‘இவ்வளவு பெரிய டிவி வாங்கியும் படம் சின்னதாகத் தெரிகிறதே’ என்ற புலம்பலுக்குக் காரணம் இதுதான்.

அளவை மட்டும் பார்த்தால் புரொஜெக்டர் ஜெயித்துவிடும். ஆனால் விஷயம் கறுப்பு நிறத்தில் இருக்கிறது.

புரொஜெக்டரால் வெளிச்சத்தைத்தான் எறிய முடியும், இருட்டை எறிய முடியாது. திரையில் கறுப்பாகத் தெரிய வேண்டிய இடம், அந்த அறையில் ஸ்கிரீன் எவ்வளவு வெளுப்பாகத் தெரிகிறதோ அவ்வளவு வெளுப்பாகத்தான் தெரியும். ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். டப்பாவில் 2,000 லூமன்ஸ் (புரொஜெக்டர் எறியும் மொத்த வெளிச்சத்தின் அளவு) என்று போட்ட நல்ல கம்பெனி புரொஜெக்டர், நிறம் சரியாக வரும் சினிமா மோடில் 1,300 அளவுக்குத்தான் தரும். 100 இன்ச் சாதாரண வெள்ளை ஸ்கிரீனில் அது சுமார் 150 நிட்ஸ் (திரை கண்ணுக்கு எவ்வளவு பிரகாசமாகத் தெரிகிறது என்ற அளவு). இது கம்மி இல்லை. தியேட்டர்களுக்கான தரநிர்ணயமே 48 நிட்ஸ்தான். விளக்கை அணைத்துவிட்டால் இந்த 150 தாராளம்.

இப்போது சாப்பிட்டுக்கொண்டே பார்க்கலாம் என்று டியூப்லைட்டைப் போடுகிறீர்கள். ஸ்கிரீன் மேல் 50 லக்ஸ் (ஒரு பரப்பின் மேல் விழும் வெளிச்சத்தின் அளவு) விழுகிறது என்று வைத்துக்கொண்டால், ஸ்கிரீன் தானாகவே 16 நிட்ஸ் வெளுப்பாகிவிடும். வெள்ளை 166, கறுப்பு 16. வித்தியாசம் பத்து மடங்குதான். இரவுக் காட்சிகளில் முகம் தெரியாது, கறுப்புச் சட்டை சாம்பல் சட்டையாகிவிடும். அதே வெளிச்சத்தில் டிவியின் கறுப்புக் கண்ணாடி திருப்பி அனுப்புவது ஏறத்தாழ அரை நிட். டிவியின் சொந்த வெளிச்சமோ சாதாரண எல்இடியில் 300, 400 நிட்ஸ். நல்ல மினி எல்இடியில் (சின்னச் சின்ன எல்இடிகளைப் பின்விளக்காக வைத்த டிவி) 1,000க்கு மேல். லூமன்ஸைக் கூட்டி இந்த இடைவெளியைத் தாண்ட முடியாது. விளக்கை அணைப்பதுதான் வழி.

ஆகவே வாங்கும் முன் செய்ய வேண்டிய சோதனைக்குக் காசு செலவில்லை. வழக்கமாக நீங்கள் டிவி பார்க்கும் நேரத்தில், வழக்கமான விளக்குகளோடு, படம் விழப்போகும் சுவரில் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டிவிட்டு சோபாவில் உட்காருங்கள். அந்தத் தாள் எந்த நிறத்தில் தெரிகிறதோ அதுதான் உங்கள் புரொஜெக்டரின் கறுப்பு. தாள் பளிச்சென்று தெரிந்தால் டிவிதான். ஞாயிறு மதியம் மூன்றரை மணி ஐபிஎல் மேட்ச் இந்த வீட்டில் கட்டாயம் என்றால் சோதனையே தேவையில்லை, டிவி வாங்கிவிடலாம்.

தனி அறை இருந்து, ஜன்னலுக்குக் கனமான திரையும் போட முடிந்தால் நிலைமை தலைகீழ். அப்போதும் வெள்ளைச் சுண்ணாம்படித்த தளம் கெடுக்கும்: ஸ்கிரீனில் பட்ட வெளிச்சம் தளத்திலும் பக்கச் சுவரிலும் பட்டு மறுபடி ஸ்கிரீனுக்கே வந்து கறுப்பை வெளுக்கும். ஸ்கிரீனை ஒட்டிய நாலைந்து அடிக்கு மட்டும் தளத்துக்கும் பக்கச் சுவர்களுக்கும் மினுமினுப்பில்லாத அடர்நிற பெயின்ட் அடித்தால் போதும். விலை உயர்ந்த ஸ்கிரீனைவிட இந்த இரண்டு டின் பெயின்ட் அதிகம் செய்யும்.

மாட்டும் கதைக்கு வருவோம். நம் வீடுகளில் புரொஜெக்டருக்கு முதல் எதிரி சீலிங் ஃபேன். 100 இன்ச் படத்தின் கீழ் விளிம்பு தரையிலிருந்து 75 செ.மீ.யில் இருந்தால் மேல் விளிம்பு 2 மீட்டரில் வரும். பெரும்பாலான மாடல்களில் லென்ஸ் அந்த மேல் விளிம்புக்குக் கொஞ்சம் மேலே, அதாவது தரையிலிருந்து ஏழு அடியில் இருந்தாக வேண்டும். 10 அடித் தளத்திலிருந்து மூன்றடிக் குழாய் தொங்கவிட வேண்டும் என்று அர்த்தம். அசிங்கமாக இருக்கிறது என்று மாட்டுபவர் அரையடிக் குழாயில் தளத்தோடு ஒட்டி மாட்டிவிட்டு, கோணலாக விழும் படத்தைக் கீஸ்டோன் போட்டு நேராக்கிக் கொடுப்பார். அதில் இரண்டு கெடுதல். கீஸ்டோன் என்பது உள்ளே படத்தை உருவாக்கும் பேனலின் ஓரப் புள்ளிகளை அணைத்துப் படத்தைச் சுருக்குவது. கூர்மை போகும், அணைத்த பகுதி படத்தைச் சுற்றி மங்கலான சாம்பல் ஓரமாகத் தெரியும். அதைவிட மோசம், ஃபேன் இறக்கைகள் வழியாக வெளிச்சம் போகும். ஃபேனைப் போட்டதும் படம் படபடவென்று துடிக்கும்.

இதற்கு லென்ஸ் ஷிஃப்ட் உள்ள மாடல்தான் மருந்து. எப்சன் ஈஎச்-டிடபிள்யூ7000 போன்றவற்றில் படத்தை மேலும் கீழும் 60 சதவீதம், பக்கவாட்டில் 24 சதவீதம் லென்ஸாலேயே நகர்த்தலாம். புள்ளி எதுவும் வீணாகாது. 1.62 மடங்கு ஜூம் இருப்பதால் 100 இன்ச் படத்துக்குச் சுமார் 2.9 மீட்டரிலிருந்து 4.8 மீட்டர் வரை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். 16 அடி ஹாலில் பின்சுவரில் ஏழடி உயரத்தில் ஒரு பலகை அடித்து உட்கார வைத்துவிடலாம், வெளிச்சம் ஃபேனுக்குக் கீழேயே போய்விடும். விலை குறைந்த டிஎல்பி (நுண்ணிய கண்ணாடிகளால் படத்தை உருவாக்கும் வகை) மாடல்கள் பலவற்றில் இந்த வசதி இல்லை. அவற்றின் லென்ஸ் விகிதம் (தூரத்தை ஸ்கிரீன் அகலத்தால் வகுத்தது) 1.1 முதல் 1.5 வரை இருக்கும். ஸ்கிரீன் அகலத்தால் பெருக்கினால் எட்டு முதல் பதினோரு அடி. ஃபேன் எட்டாவது அடியில். ஃபேனும் புரொஜெக்டரும் ஒரே இடத்துக்குச் சண்டை போடும்.

ஃபேன் இன்னொரு வேலையும் செய்யும். மேலிருந்து இழுத்துவிடும் ஸ்கிரீன் காற்றில் அலையடிக்கும். கிரிக்கெட் மைதானத்தின் எல்லைக்கோடு நெளிவதைப் பார்த்தால் தெரியும். சுருட்டும் ஸ்கிரீன்தான் வேண்டுமென்றால் இரு பக்கமும் நூல் கட்டி இழுத்துப் பிடிக்கும் டேப்-டென்ஷன் வகை எடுங்கள், இல்லையென்றால் சுவரோடு சட்டம் அடித்த ஃபிக்ஸட் ஸ்கிரீன். பட்டி பார்த்த சுவரே போதும் என்பவர்கள், ராத்திரி டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து அடித்துப் பாருங்கள். மேடு பள்ளம் அத்தனையும் தெரியும்.

சுவரை ஒட்டி டிவி ஸ்டாண்டிலேயே வைக்கும் அல்ட்ரா ஷார்ட் த்ரோ வகைப் புரொஜெக்டரை ‘லேசர் டிவி’ என்று விற்கிறார்கள். ஃபேன் தொல்லை இல்லை, தளத்தில் துளை இல்லை. ஆனால் அந்த டார்ச் சோதனையில்தான் இது தோற்கும்: வெளிச்சம் சுவரை உரசிக்கொண்டே போவதால் சின்ன மேடும் நிழலாக விழும். அதற்கென்று செய்த கெட்டியான ஸ்கிரீன் கட்டாயம். நுண்ணிய வரிகள் கொண்ட அந்த ஸ்கிரீன் மேலிருந்து வரும் விளக்கு வெளிச்சத்தை நன்றாகத் தள்ளிவிடும், பக்கத்து ஜன்னல் வெளிச்சத்தை அவ்வளவாகத் தள்ளாது. பெருக்கும்போது பெட்டி அரை செ.மீ. நகர்ந்தாலும் படம் சட்டத்தைவிட்டு வெளியே போய்விடும். இந்த விலைக்கு வந்துவிட்டவர்கள் 98 இன்ச் டிவியின் விலையையும் ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது.

ஆன்லைனில் பத்தாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் ‘9,000 லூமன்ஸ், 4கே சப்போர்ட்’ பெட்டிகளைப் பற்றி இரண்டு வரி போதும். 4கே சப்போர்ட் என்றால் 4கே சிக்னலை வாங்கிக்கொள்ளும் என்று பொருள், காட்டும் என்று பொருளில்லை. நேட்டிவ் ரெசல்யூஷன் (பெட்டி உண்மையில் காட்டும் புள்ளிகள்) என்ற இடத்தில் பெரும்பாலும் 1280க்கு 720 அல்லது 1920க்கு 1080தான் இருக்கும். ஆன்சி அல்லது ஐஎஸ்ஓ லூமன்ஸ் (தரநிர்ணய முறைப்படி அளந்தது) என்று போடாத எந்த எண்ணையும் நம்பாதீர்கள். உண்மையில் அது சில நூறுதான்.

டிவி பக்கமும் கண்ணை மூடிக்கொண்டு வாங்க முடியாது. விலை குறைந்த 75, 85 இன்ச் மாடல்களில் பேனல் 60 ஹெர்ட்ஸ்தான், அதாவது நொடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கும். சினிமா ஓடுவது நொடிக்கு 24 பிரேம். 60ஐ 24ஆல் வகுத்தால் மீதி விழும், அதனால் கேமரா மெதுவாகத் திரும்பும் காட்சிகளில் படம் விட்டுவிட்டு நகரும். 120 ஹெர்ட்ஸ் பேனலில் ஒவ்வொரு பிரேமும் சரியாக ஐந்து முறை. பின்விளக்கைப் பகுதி பகுதியாக அணைக்கும் லோக்கல் டிம்மிங் இருக்கிறதா என்றும் கேளுங்கள். அது இல்லாவிட்டால் இருட்டுக் காட்சியில் ஸ்கோப் பட்டைகள் கறுப்பாக இல்லாமல் நீலம் பூத்து நிற்கும். பின்விளக்கை எந்நேரமும் 100லேயே ஓட்டினால் உள்ளே இருக்கும் எல்இடி ஸ்டிரிப் சீக்கிரம் போகும். சாமி படம் மாட்டும் உயரத்தில் டிவியை மாட்டாதீர்கள். உட்கார்ந்த கண் மட்டத்துக்குப் படத்தின் நடுப்பகுதி வந்தால் கழுத்து பிழைக்கும்.

அபார்ட்மென்ட்காரர்கள் ஆர்டர் போடும் முன் டேப்பை எடுத்து லிஃப்டை அளக்க வேண்டும். 85 இன்ச் டிவியின் பெட்டி இரண்டு மீட்டருக்கு மேல் நீளம். படுக்க வைத்துத் தூக்கினால் பேனல் விரிசல் விடலாம், நிமிர்த்தியே படியில் ஏற்ற வேண்டும், மாடிப்படித் திருப்பத்தில் திரும்ப வேண்டும். பேனல் உடைந்தால் மாற்றும் செலவு புது டிவி விலையைத் தொட்டுவிடும். புரொஜெக்டருக்கு இந்தப் பாடு இல்லை. சுருட்டிய ஸ்கிரீனும் ஒரு பெட்டியும், ஒரே ஆள் தூக்கிவிடுவார்.

செலவுக் கணக்கில் டிவி முதல் நாளோடு முடிகிறது, சவுண்ட்பார் ஒன்று சேர்த்தால் சரி. புரொஜெக்டருக்கு ஸ்கிரீன், மாட்டும் சட்டம், நீளமான கேபிள், ஸ்டிரீமிங் ஸ்டிக், ஸ்பீக்கர் எல்லாம் தனி. லாம்ப் வகை என்றால் 3,000 முதல் 5,000 மணி நேரத்தில் புது லாம்ப்; அதற்குள் வெளிச்சம் பாதியாகக் குறைந்திருக்கும். தினம் மூன்று மணி நேரம் ஓட்டினால் மூன்று, நாலு வருடம். லேசருக்கு 20,000 மணி நேரம் சொல்கிறார்கள். கரண்ட் போனால் சூடான லாம்பைக் குளிர்விக்கும் விசிறியும் நின்றுவிடும் என்பதால் லாம்ப் வகைக்கு ஒரு யுபிஎஸ் இருப்பது நல்லது. எல்சிடி மாடல்களில் காற்று வடிகட்டியை மூன்று மாதத்துக்கொரு முறை சுத்தம் செய்யாவிட்டால் பேனலில் தூசி ஏறி, இருட்டுக் காட்சியில் பச்சை, நீலப் பொட்டுகள் மிதக்கும். டிஎல்பியில் தூசித் தொல்லை குறைவு; ஆனால் அதன் வண்ணச் சக்கரத்தால் சிலர் கண்ணுக்கு வெள்ளை எழுத்தின் ஓரத்தில் வானவில் மின்னும். வீட்டில் உள்ள எல்லோரையும் கடைக்குக் கூட்டிப்போய்ப் பார்க்க வைத்த பிறகு பணம் கட்டுங்கள்.

இருட்டடிக்க முடிந்த அறை, 100 இன்ச் அல்லது அதற்கு மேல், வாரத்துக்கு இரண்டு மூன்று படம்: இந்த மூன்றும் சேர்ந்தால் புரொஜெக்டரைத் தாராளமாகச் சொல்லலாம். 100க்குக் கீழே புரொஜெக்டர் வாங்குவதில் அர்த்தமே இல்லை, அந்த அளவை டிவி தொட்டுவிட்டது. நாள் முழுக்க சீரியல், செய்தி, கார்ட்டூன், நடுவில் படம் என்று ஓடும் ஹாலுக்கு 85 இன்ச் மினி எல்இடி.

வீடு இப்போதுதான் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் முடிவைத் தள்ளிப்போடலாம், குழாயைத் தள்ளிப்போட முடியாது. டிவி ஸ்டாண்ட் வரும் இடத்திலிருந்து பின்சுவரில் ஏழடி உயரம் வரை ஒன்றரை இன்ச் பைப் ஒன்றைப் பூச்சுக்கு முன் பதித்துவிடச் சொல்லுங்கள். வழக்கமாக எலக்ட்ரீஷியன் போடும் முக்கால் இன்ச் பைப்பின் வளைவில் எச்டிஎம்ஐ தலை நுழையாது. உள்ளே இழுப்புக் கம்பி ஒன்றை விட்டுவைக்கச் சொல்லுங்கள், மேல் முனையில் 5 ஆம்ப் பிளக் பாயின்ட் ஒன்றும். பத்து மீட்டருக்கு மேல் போகும் தூரத்துக்குச் சாதாரணச் செப்புக் கேபிள் 4கேவைத் தாங்காது, ஆப்டிகல் எச்டிஎம்ஐ வாங்க வேண்டும். அதன் ஒரு முனையில் சோர்ஸ் என்றும் மறுமுனையில் டிஸ்ப்ளே என்றும் எழுதியிருக்கும். சோர்ஸ் முனை டிவி ஸ்டாண்ட் பக்கம் இருக்க வேண்டும். மாற்றி இழுத்துவிட்டால் படமே வராது, மறுபடி முழுக் கேபிளையும் உருவித் திருப்பிப் போட வேண்டும்.