காந்தம் ஒட்டவில்லை, சரி. கடலுக்கு எது: 718, 825, ஏ-286?

யாழ்ப்பாணத்துக் குருநகரிலோ மயிலிட்டியிலோ படகு வேலைக்கு நல்ல ஸ்டெயின்லெஸ் எது என்று கேட்டால் காந்தத்தைத்தான் எடுப்பார்கள். ஒட்டாவிட்டால் நல்ல சாமான். நிக்கல்-இரும்புக் கலவைகளிடம் இந்தச் சோதனை எடுபடாது. இன்கொனல் 718, இன்கொலோய் 825, ஏ-286 மூன்றிலுமே காந்தம் ஒட்டாது, ஆனால் உப்புநீரில் மூன்றும் மூன்று விதம். கறளைத் தடுப்பவை குரோமியமும் மொலிப்டினமும். காந்தத்துக்கு அந்தக் கணக்குத் தெரியாது.

ஏ-286 பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 25 வீதமளவு நிக்கல், 15 வீதம் குரோமியம், மொலிப்டினம் பேருக்குத்தான். 700 பாகை செல்சியஸ் வரை சூட்டில் பலம் காக்கும் சாமான் அது. கடலில், படகு வேலைக்கு வழக்கமான 316 ஸ்டெயின்லெஸை விட மேல் என்று நம்பி வாங்காதீர்கள்.

825-இல் ஏறத்தாழ 3 வீதம் மொலிப்டினம், 2 வீதம் செம்பு. கந்தக அமிலத்துக்குப் பேர்போனது. கடலிலும் 316-ஐ விட நன்றாகத் தாங்கும். ஆனாலும் வொஷருக்கு அடியில் உப்புநீர் தேங்கினால் அங்கே இதையும் அரிக்கும். பலமும் குறைவு: சூட்டில் பதப்படுத்தி இறுக்கிய 718, நிரந்தரமாக நீண்டுவிடாமல் இதைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு இழுவையைத் தாங்கும்.

அப்ப 718-ஐ எடுக்கலாமே? லேத்தில் போட்டுப் பார்த்தால் தெரியும். மென்னிரும்பை நிமிடத்துக்கு 150 மீட்டர் வெட்டு வேகத்தில் கடையும் கார்பைட் டூலை இங்கே 30 மீட்டரளவுக்கு இறக்க வேண்டும். சூடு சாமானுக்குள் பரவாமல் டூலின் நுனியிலேயே நிற்கும். ஒரு கணம் வெட்டாமல் உரசவிட்டால் மேற்தோல் இறுகிப்போகும், அடுத்த வெட்டில் நுனி உடையும். கூர்மையான டூல், டூல் நிற்காமல் முன்னேறும் ஊட்டம், தாராளமாகக் கூலன்ட். மென்மையான நிலையில் வாங்கிக் கடைந்துவிட்டுப் பிறகு சூடேற்றி இறுக்கலாம்தான். அதற்கு 720 பாகையில் 8 மணித்தியாலம், பிறகு 620-இல் இன்னொரு 8 என்று பிசகாமல் நிற்கும் உலை வேண்டும். அது கைக்கெட்டும் தூரத்தில் இல்லையென்றால் இறுக்கிய கம்பியையே வாங்கி மெதுவாகக் கடையுங்கள்.

என் தெரிவு: பாரம் ஏறும் தண்டுக்கும் போல்ட்டுக்கும் 718, பாரமில்லாத குழாய்க்கும் மூடிக்கும் 825. அவுட்போர்ட் மோட்டரின் அலுமினிய உடலில் மட்டும் இரண்டையும் வெறுமனே முடுக்காதீர்கள். போல்ட் பளபளப்பாகவே இருக்கும், சுற்றியுள்ள அலுமினியம் வெள்ளைப் பொடியாய் உதிரும். இடையில் நைலோன் வொஷரும் புஷ்ஷும் போடுங்கள்.